பழைய டிஜிட்டல் கேமராவும் வீட்டு மராமத்தும்

உலகம் முழுவதும் சேர்த்து 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் ஒரே ஆண்டில் தொழிற்சாலைகளை விட்டு வெளிவந்தது 2010ஆம் ஆண்டில். அவற்றுள் மிகப் பெரும்பான்மையானவை, லென்ஸைக் கழற்ற முடியாத, சட்டைப் பையில் அடங்கக்கூடிய சிறு கேமராக்கள். கைப்பேசியே கேமராவாகவும் ஆகிவிட்ட பிறகு இந்த உற்பத்தி படிப்படியாகச் சரிந்து, 2020இல் ஒரு கோடிக்கும் கீழே இறங்கிற்று. விற்பனை குன்றியதேயன்றி, விற்கப்பட்ட கேமராக்கள் எங்கும் கரைந்துபோய்விடவில்லை. அவை பீரோக்களின் அடித்தட்டிலும், பழைய சாமான் கடைகளின் கூடைகளிலும், வேலை செய்யாது என்ற ஒரே சொல்லோடு, சில நூறு ரூபாய்க்கு விலை பேசப்படும் நிலையில் கிடக்கின்றன. சமீப ஆண்டுகளில் இளைஞர் பலர் அந்தக் கேமராக்களின் வண்ணத்தில் ஒரு தனி அழகைக் கண்டு அவற்றைத் தேடத் தொடங்கியிருப்பதால், நல்ல நிலையில் உள்ளவற்றின் விலை ஏறியிருக்கிறது. பழுதானவை இன்னும் மலிவாகவே கிடைக்கின்றன.

இத்தகைய கேமரா ஒன்றை வாங்கி வந்து, வீட்டு மேசையில் வைத்து, சாதாரணக் கருவிகளைக் கொண்டு, தொழிற்பயிற்சி ஏதுமில்லாத ஒருவர் அதை மீண்டும் இயங்கச் செய்ய முடியுமா, முடியுமாயின் எந்த அளவுக்கு முடியும், எந்த இடத்தில் அவர் கையை எடுத்துவிட வேண்டும் என்பதே இங்கு விசாரிக்கப்படும் விஷயம். இதில் எதிரெதிரான இரண்டு அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. மின்னணுச் சாதனம் என்பது தொழிற்சாலையில் மூடப்பட்ட பெட்டி, அதைத் திறப்பவன் கெடுப்பவனே என்பர் ஒரு சாரார். ஒரு திருப்புளியும் சிறிது துணிவும் இருந்தால் எதையும் சரிசெய்துவிடலாம் என்பர் மற்றொரு சாரார். இரண்டும் அனுபவத்துக்கு ஒவ்வாத கூற்றுகள். இக்கேமராக்களில் நேரும் கோளாறுகளை நிதானமாகக் கவனித்து வந்தவர்க்கு ஓர் உண்மை புலப்படும்: செல் நுழையும் இடம், நினைவு அட்டை செருகும் இடம், லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே ஒடுங்கும் இடம், விரல் படும் பொத்தான் ஆகிய, கேமரா புறவுலகத்தோடு சம்பந்தப்படும் வாயில்களிலேதான் பெரும்பாலான பழுதுகள் தோன்றுகின்றன, கணக்கிடும் சில்லுகள் அமைந்த நடுப்பகுதி அபூர்வமாகவே கெடுகிறது. வாயிலில் நேர்ந்த பழுதை வாயிலில் நின்றே தீர்க்கலாம். உள்ளே புக வேண்டியதில்லை. வீட்டு மராமத்துக்கு இடமுண்டு என்று நான் சொல்வதற்கு ஆதாரம் இதுவே.

கருவியின் அமைப்பைச் சுருக்கமாகப் பார்த்துக்கொள்வது நலம். ஒளியை மின்னேற்றமாக மாற்றி, அதை வரிசை வரிசையாக வெளியேற்றும் சி.சி.டி. என்னும் சில்லை 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் இருவர் கண்டுபிடித்தனர். 2009இல் அதற்காக அவர்களுக்குப் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அத்தகைய சில்லைக் கொண்டு 1975இல் கோடாக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அமைத்த டிஜிட்டல் கேமரா ஏறக்குறைய மூன்றரைக் கிலோ எடையும், 0.01 மெகாபிக்சல் நுட்பமும் உடையதாக இருந்தது. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய அதற்கு 23 வினாடி பிடித்தது. அதை இயக்க 16 நிக்கல்-காட்மியம் செல்கள் தேவைப்பட்டன. மின்சாரப் பசி இந்தக் கருவியின் பிறவிக் குணம் என்பதை இதிலிருந்தே உணரலாம். இன்று மலிவாகக் கிடைக்கும், 2003 முதல் 2010 வரையிலான சிறு கேமராக்களிலும் அடிப்படை உறுப்புகள் அவையே: முன்னே லென்ஸ் குழல், அதனுள் ஷட்டர், அதற்குப் பின்னே ஒளியை வாங்கும் சில்லு, அதை முதன்மைப் பலகையோடு இணைக்கும் மெல்லிய நாடா வடம், ஒரு மூலையில் ஃபிளாஷுக்கான உயர் மின்னழுத்தப் பகுதி, பின்புறம் சிறு திரை.

திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன் கேமராவைச் சில விதமாகப் பரீட்சித்துப் பார்ப்பது அவசியம். இதைச் செய்யாமல் நேராகப் பிரித்துவிடுகிறவர்களே பெரும்பாலும் கேமராவை இழக்கிறார்கள். மிகப் பயனுள்ள பரீட்சை ஒன்றைச் சொல்கிறேன். ஏறக்குறைய எல்லாச் சிறு கேமராக்களிலும், எடுத்த படங்களைத் திருப்பிப் பார்ப்பதற்கென்று தனி நிலை ஒன்றுண்டு; அந்நிலையில் இயக்கினால் லென்ஸ் வெளியே வராது. நல்ல செல் போட்டும் படமெடுக்கும் நிலையில் இயங்க மறுக்கும் கேமரா, பார்க்கும் நிலையில் திரையை ஒளிர்வித்துப் பழைய படங்களைக் காட்டுமாயின், மின்சாரம், முதன்மைப் பலகை, திரை, நினைவு அட்டை ஆகிய நான்கும் ஒழுங்காக உள்ளன என்பதும், பழுது லென்ஸ் குழலில்தான் என்பதும் ஒரு நொடியில் நிச்சயமாகிவிடும். திரையில் எழுத்துகளும் குறிகளும் தெளிவாகத் தெரிந்து காட்சி மட்டும் கறுப்பாக இருந்தால், ஷட்டர் மூடிய நிலையில் சிக்கியிருக்கலாம், அல்லது ஒளி வாங்கும் சில்லோ அதன் வடமோ பழுதாகியிருக்கலாம். காட்சி நன்றாகத் தெரிந்து, எடுத்த படம் மட்டும் வெளுத்து, செங்குத்தான கோடுகளோடு வருமாயின், ஷட்டர் திறந்த நிலையில் நின்றுவிட்டது என்று கொள்ளலாம், ஏனெனில் சி.சி.டி. சில்லு தன் மின்னேற்றத்தை வெளியேற்றும் சமயத்தில் அதன்மேல் ஒளி விழாதபடி மறைப்பது ஷட்டரின் கடமை, அது தவறும்போது புதிய ஒளி பழைய படத்தின்மேல் ஏறிவிடுகிறது. காரணத்தை இவ்வாறு அனுமானித்து அறிவதில் ஓர் ஆனந்தம் இருக்கிறது. வேலையில் பாதி அதிலேயே முடிந்தும் விடுகிறது.

இனி வாயில்களை ஒவ்வொன்றாக நோக்குவோம். முதலாவதும் முக்கியமானதும் மின்சாரம். முழுவதும் செத்துப்போனது என்று விற்கப்படும் கேமராக்களுள் கணிசமானவற்றுக்கு வேறெந்த நோயும் இல்லை. தகுதியற்ற செல்லைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒதுக்கப்பட்டவை அவை. கடைக்காரர் பென்சில் செல் என்று எடுத்துத் தரும் மலிவான துத்தநாக-கரிச் செல், சுவர்க் கடிகாரத்துக்கும் டி.வி. ரிமோட்டுக்கும் போதுமானதேயன்றி, லென்ஸை வெளியே தள்ளும் மோட்டாரும் திரையும் ஃபிளாஷும் ஒன்றுசேர்ந்து ஓர் ஆம்பியருக்கு அருகிலும் அதற்கு மேலும் இழுக்கும் கேமராவுக்கு அது ஈடுகொடுக்காது. இயக்கியவுடன் லென்ஸ் பாதி நீண்டு நின்று கேமரா அணைந்துவிடுவதைக் கண்டு, லென்ஸ் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் பலர். ஆல்கலைன் செல் இதனிலும் மேல். ஆயினும் மிகவும் உத்தமமானது, மீண்டும் மீண்டும் சார்ஜ் செய்யத்தக்க நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல். அதன் மின்னழுத்தம் 1.5 வோல்ட் அன்று, 1.2 வோல்ட்தான் என்றாலும், அந்த 1.2 வோல்ட்டை அது கடைசிவரை தளராமல் தருகிறது. உள்தடை குறைவாதலால் வேண்டிய மின்னோட்டத்தைத் தயங்காமல் கொடுக்கிறது. கேனன் நிறுவனத்தின் பவர்ஷாட் ஏ வரிசை போன்ற, ஏ.ஏ. அளவுச் செல்லில் ஓடும் கேமராக்களை முதன்முதலாகப் பழுது பார்க்கப் புகுவோர்க்கு நான் பரிந்துரைப்பதன் காரணமும் இதுவே: இருபது ஆண்டுக்கு முந்திய கேமராவாயினும் அதற்கான செல் இன்றும் எந்தத் தெருவிலும் கிடைக்கும். தனி வடிவ லித்தியம் பேட்டரியில் ஓடும் கேமராவை வாங்குவோர், அந்தப் பேட்டரியும் சார்ஜரும் கிடைக்கின்றனவா என்று முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். உப்பிய லித்தியம் பேட்டரியை எக்காரணம் கொண்டும் அழுத்தவோ குத்தவோ கூடாது, அது தீப்பற்றக்கூடியது.

நல்ல செல் போட்டும் உயிர் வரவில்லையானால், செல் அறையின் உள்ளே விளக்கைக் காட்டிப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் செல்லை உள்ளேயே விட்டுவைத்த கேமராவில், உலோகத் தகடுகளின்மேல் வெண்ணிறப் பொருக்கு படர்ந்திருக்கும். சில இடங்களில் அது பச்சையாகவும் நீலமாகவும் தெரியும். ஆல்கலைன் செல்லிலிருந்து கசிந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட்டாக மாறியதே அந்த வெண்மை. பச்சை நிறம் செம்பு அரிக்கப்பட்டதன் அடையாளம். காரத்தை அமிலம் முறிக்கும் என்ற பள்ளிக்கூடப் பாடம் இங்கே பிரத்தியட்சமாகப் பயன்படுகிறது. காது குடையும் பஞ்சுக்குச்சியின் நுனியில் ஒரு துளி வினிகரோ எலுமிச்சைச் சாறோ தோய்த்து, சொட்டாதபடி பிழிந்து, பொருக்கின்மேல் வைத்தால் மெல்லிய நுரை எழும். நுரை அடங்கும்வரை பஞ்சை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். பின்னர் வாலை வடிநீரில் நனைத்த பஞ்சு. அதன் பின்னர் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு. பிறகு ஓர் இரவு காய்தல். தகட்டின் மினுமினுப்பு திரும்பாவிடில் மிக நுண்ணிய உப்புத்தாளால் இலேசாகத் தேய்க்கலாம். அழுத்தித் தேய்த்தால் மேற்பூச்சு போய் மறுபடியும் துரு ஏறும். அளவாகத் தேய்த்து, தகட்டின் வில் தன்மை குன்றியிருந்தால் இடுக்கியால் ஒரு மயிரிழை வெளியே இழுத்துவிட்டு, செல்லைப் போட்டு மூடும்போது பச்சை விளக்கு எரியுமாயின், அந்தக் கேமராவில் செய்யவேண்டிய மராமத்து முழுவதும் பெரும்பாலும் அவ்வளவே.

செல் அறைக் கதவின் கொக்கி உடைவது மற்றொரு பொதுவான குறை. பிளாஸ்டிக்கால் ஆன சிறு பல்தான் அங்கே செல்லின் ஸ்பிரிங் அழுத்தம் முழுவதையும் தாங்குகிறது; அது ஒடிந்தால் கதவு மூடாது, மூடாதபோது உள்ளிருக்கும் நுண்ணிய ஸ்விட்ச் அழுந்தாது, கேமராவும் இயங்காது. இரண்டு குழாய்களில் வரும் எப்பாக்சிப் பசையால் சிறு உலோகத் துண்டைப் பதித்துப் புதிய பல் அமைக்கலாம். உடனே உலரும் பசையை லென்ஸ் உள்ள கருவியில் பிரயோகிக்காமல் இருப்பது மேல்; அதன் ஆவி கண்ணாடிமேல் வெண்மூட்டமாகப் படியும்.

நினைவு அட்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் ஒரு விஷயம் தெரியாமையால் நல்ல கேமராக்கள் பழுதென்று தள்ளப்படுகின்றன. 1999இல் அறிமுகமான எஸ்.டி. அட்டையின் முதல் இலக்கணம் 2 ஜி.பி. வரை மட்டுமே செல்லும். 4 முதல் 32 ஜி.பி. வரையிலான எஸ்.டி.எச்.சி. வகை 2006இல் வந்தது. அதற்கு முந்திய கேமராவில் இன்றைய கடைகளில் கிடைக்கும் 32 ஜி.பி. அட்டையைச் செருகினால் அட்டைப் பிழை என்றே காட்டும். பழைய 1 ஜி.பி. அட்டை ஒன்றைத் தேடிப் போட்டால் பிழை நீங்கும். நான்கு மெகாபிக்சல் கேமராவுக்கு அந்த ஒரு ஜி.பி.யே நூற்றுக்கணக்கான படங்களுக்குப் போதும். ஒலிம்பஸ், ஃபியூஜி நிறுவனங்கள் 2002இல் கொண்டுவந்த எக்ஸ்.டி. அட்டை இன்று உற்பத்தியில் இல்லை. ஆகையால் அவ்வகைக் கேமராவை அட்டையோடு சேர்த்துக் கொடுத்தாலன்றி வாங்காதிருப்பதே விவேகம். தேதியை ஒவ்வொரு முறையும் கேட்கும் கேமராவில் பெரும்பாலும் தனியான பொத்தான் செல்லோ, உள்ளே பற்றவைத்த சிறு செல்லோ தீர்ந்திருக்கும். முதலாவதை மாற்றிவிடலாம், இரண்டாவதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

லென்ஸ் குழலே இக்கேமராக்களின் மர்மஸ்தானம். ஒன்றினுள் ஒன்று அடங்கும் அடுக்குப் பாத்திரங்களைப் போல, இரண்டு மூன்று மெல்லிய பிளாஸ்டிக் குழல்கள், உட்சுவரில் வெட்டிய சாய்வான பள்ளங்களில் சிறு முளைகள் வழுக்கிச் செல்வதால் முன்னும் பின்னும் நகர்கின்றன. அவற்றைச் சுழற்றும் மோட்டார் மிகச் சிறியது, அதன் விசையைப் பெருக்கப் பல சிறு பற்சக்கரங்கள் உண்டு. குழல் எங்கே இருக்கிறது என்பதை உணர்த்த ஒளி உணர்வுக் கண்களும் உண்டு. ஒரு மணல் துகள் இந்தப் பள்ளத்தில் விழுந்தால் போதும். எதிர்பார்த்த நேரத்தில் குழல் எதிர்பார்த்த இடத்தை அடையாததைக் கண்டு, கேமரா லென்ஸ் பிழை என்று அறிவித்துத் தன்னை அணைத்துக்கொள்ளும். பழைய கேனன் கேமராக்களில் இ18 என்று தோன்றும் குறி இதைத்தான் சொல்கிறது. கேமராக்கள் அதிகமாக எடுத்துச் செல்லப்படும் இடங்களுள் கடற்கரை முதன்மையானது. கேமராவுக்குப் பெரும் சத்துரு மணல். மெரினாவில் குழந்தைகளைப் படமெடுத்த கை, அதே ஈரத்தோடு லென்ஸை உள்ளே போகச் சொன்ன அந்தக் கணத்தில்தான் பல கேமராக்களின் ஆயுள் முடிந்திருக்கிறது.

இதற்குரிய சிகிச்சை பலாத்காரமன்று. முதலில் நல்ல செல்லைப் போட்டுக்கொள்ள வேண்டும்; தளர்ந்த செல்லோடு இவ்வேலையைத் தொடங்குவதில் அர்த்தமில்லை. லென்ஸ் முகம் தரையை நோக்கும்படி கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, குழல்களுக்கு இடையிலுள்ள வட்ட இடுக்கில் ரப்பர்க் குமிழ் ஊதியால் சுற்றிலும் காற்றைச் செலுத்த வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் ஈரமும் சேர்ந்து உள்ளே போகும். அதன் பிறகு, சொரசொரப்பில்லாத தடித்த காகிதத்தை ஒரு விரற்கிடை அகலத்துக்கு நறுக்கி, இடுக்கினுள் ஓரிரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் நுழைத்து, வட்டத்தைச் சுற்றி மெதுவாக நகர்த்தினால், துகள் இருக்கும் இடத்தில் காகிதம் தடைப்படுவது விரலுக்குத் தெரியும். நறநறவென்ற மெல்லிய ஓசை காதுக்கும் கேட்கும். அந்த இடத்திலேயே காகிதத்தை முன்பின்னாக அசைத்து, மீண்டும் ஊதி, பிறகு கவிழ்த்த நிலையிலேயே கேமராவை இயக்க வேண்டும். மூன்று நான்கு தடவை இயக்குவதற்குள் ஒன்றிரண்டு துகள்கள் மேசையில் விழுவதும், குழல் ஒரு தயக்கத்துக்குப் பின் முழுவதும் நீள்வதும் உண்டு. ஊதி வெளியேற்றுவதற்குப் பதிலாக எண்ணெய் விடலாமா என்று சிலர் கேட்பர். விடவே கூடாது, எண்ணெய் மணலைப் பிடித்துவைப்பதோடு, ஷட்டரின் தகடுகளுக்கும் பரவி அவற்றை ஒட்டவைத்துவிடும். கீழே விழுந்து குழல் ஒருபுறம் சாய்ந்துபோன கேமராவில், முளை தன் பள்ளத்தை விட்டு விலகியிருக்கும். உயர்ந்து நிற்கும் பக்கத்தைப் பெருவிரலால் இலேசாக அழுத்த, ஒரு சிறு சொடுக்கு ஓசையுடன் அது மீண்டும் அமர்வது உண்டு. ஆயினும் இதை வேறு கதியில்லாத கேமராவில் மட்டுமே முயல வேண்டும். பற்சக்கரத்தின் பல் ஒடிந்தால் அதன் பின்னர் அந்த லென்ஸ் தொகுதிக்கு மீட்சி இல்லை.

இவ்வளவும் வெளியிலிருந்தபடியே செய்யத்தக்கவை. இதற்கு மேல் கேமராவைப் பிரிக்க நேருமானால், எல்லாவற்றுக்கும் முன்னதாக அறியவேண்டிய அபாயம் ஒன்று உண்டு. ஃபிளாஷை எரியவைக்கும் மின்தேக்கி, விரல் அளவே உடைய கறுப்பு உருளை, ஏறக்குறைய 300 வோல்ட் அழுத்தத்தில் மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும். செல்லைக் கழற்றிய பிறகும் அது மணிக்கணக்கில், சில சமயம் நாட்கணக்கில், தன் ஏற்றத்தை இழக்காமல் காத்திருக்கும். 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியில் 300 வோல்ட்டில் அடங்கியிருப்பது நான்கரை ஜூல் ஆற்றல். கையை உதறி எறியவைக்கும் அதிர்ச்சிக்கு அது தாராளமாகப் போதும், இருதய நோயுள்ளவர்க்கு அது விளையாட்டன்று. திருப்புளியால் இரு முனைகளையும் இணைத்துப் பொறி பறக்கச் செய்வது பலரும் கையாளும் முறை. அது பலகையையும் கெடுக்கும், கண்ணுக்கும் கேடு. 2 கிலோஓம், 5 வாட் மின்தடை ஒன்றின் இரு கால்களையும் காப்புறையிட்ட கம்பியில் பற்றவைத்து, அதனால் மின்தேக்கியின் முனைகளைச் சில வினாடிகள் தொட்டு, பிறகு மல்டிமீட்டரால் அளந்து, ஓரிரு வோல்ட்டுக்கு மேல் எஞ்சவில்லை என்று கண்ணால் கண்ட பின்னரே விரலை உள்ளே கொண்டுபோக வேண்டும். சிறுவர்கள் தனியாக இருந்து கேமராவைப் பிரிக்கக்கூடாது என்று நான் வற்புறுத்துவது இந்த ஒரு காரணத்தால்தான். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து இதைச் செய்து கொடுத்துவிட்டால், மற்றவற்றைச் சிறுவர்கள் பெரியவர்களைவிடப் பொறுமையாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

திருகாணிகளைப் பற்றியும் ஒரு சொல். ஜப்பானியக் கேமராக்களின் சிலுவைத் தலைத் திருகாணி, நம் கடைகளில் கிடைக்கும் பிலிப்ஸ் திருப்புளிக்கு முற்றும் பொருந்துவதன்று. ஜப்பானிய அளவுக்குரிய திருப்புளியே தலையைச் சிதைக்காமல் கழற்றும். கழற்றும் திருகாணிகள் ஒரே மாதிரி தோன்றினாலும் நீளத்தில் வேறுபடும். நீண்டது குட்டையின் இடத்தில் ஏறினால் பலகையைத் துளைத்துவிடும். ஆதலால் ஒரு தாளில் கேமராவின் படத்தைக் கோட்டுருவாக வரைந்து, அந்தந்த இடத்தில் அந்தந்தத் திருகாணியை நாடாவால் ஒட்டிவைப்பது சிறந்த வழக்கம். நாடா வடங்களின் இணைப்பியில் நகத்தால் தூக்கவேண்டிய மெல்லிய தாழ் ஒன்றிருக்கும். அதைத் தூக்காமல் வடத்தை இழுத்தவர் அந்தக் கேமராவை அத்தோடு மறந்துவிட வேண்டியதுதான்.

ஒளி வாங்கும் சில்லின் விஷயத்தில் ஒரு சரித்திரத்தைக் குறிப்பிடாமல் செல்ல முடியாது. 2002ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 2004 வரை சோனி நிறுவனம் தயாரித்த சி.சி.டி. சில்லுகளில் சில, வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த சூழலில் உள்ளிணைப்பு விட்டுப்போகும் குறையுடையவை என்பது பின்னர் வெளிப்பட்டது. அந்தச் சில்லை வாங்கிப் பயன்படுத்தியவர்கள் பலர். 2005 அக்டோபரில் சோனியோடு கேனன், நிக்கான், ஃபியூஜி, ஒலிம்பஸ், ரிக்கோ, கொனிகா மினோல்டா முதலிய நிறுவனங்களும் அடுத்தடுத்து இதை அறிவித்து, கட்டணமின்றி மாற்றித் தருவதாக ஏற்றுக்கொண்டன. காட்சி ஊதா நிறமாகச் சிதைவதும், கோடுகள் ஓடுவதும், முழுவதும் கறுத்துப்போவதும் அதன் அறிகுறிகள். நம் நாட்டின் தட்பவெப்பம் அந்தக் குறையை வெளிக்கொணரவே அமைந்தது போன்றது. ஆகையால் கேனன் ஏ70, ஏ75, ஏ80 போன்ற அக்காலக் கேமராக்களை வாங்கும்போது, திரையில் காட்சி சுத்தமாகத் தெரிகிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்கக்கூடாது. இலவச மாற்றம் முடிந்து வெகுகாலம் ஆயிற்று. வீட்டில் இதைச் சரிசெய்யும் வழி, அதே வகைச் சில்லுள்ள மற்றொரு கேமராவிலிருந்து எடுத்துப் பொருத்துவது ஒன்றே.

ஈரப்பதத்தின் மற்றொரு பிள்ளை லென்ஸ் பூஞ்சணம். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நீடிக்கும் இடத்தில், மூடிய தோல் உறைக்குள் இருளில் கிடக்கும் லென்ஸில், சிலந்திநூல் போன்ற கிளைகளாக அது படரும். வெளிக்கண்ணாடியில் இருந்தால் துடைத்துவிடலாம். உட்கண்ணாடிகளுக்குப் பரவிய சிறு கேமராவைப் பிரித்துச் சுத்தம் செய்து, மீண்டும் அச்சுப் பிசகாமல் சேர்ப்பது வீட்டு மேசைக்கு அப்பாற்பட்ட காரியம். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்துப் பாதுகாப்பதே தக்கது. அரிசி மூட்டைக்குள் புதைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அரிசித் தூசி லென்ஸ் இடுக்கில் சேர்வதைத் தவிர அதனால் பெரிய நன்மை ஒன்றும் விளைவதில்லை.

எல்லையை இப்போது வகுத்துவிடலாம். செல் அறை, கதவு, அட்டை, பொத்தான், குழலில் சிக்கிய மணல், கழன்ற நாடா வடம், உடைந்த திரை ஆகியவை வீட்டில் தீரும். லென்ஸ் தொகுதி முழுவதையும் எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவது, பொறுமையுள்ளவர்க்கு ஒரு மாலைப்பொழுது வேலை. லென்ஸ் தொகுதியின் உட்பிரிவு, முதன்மைப் பலகையின் சில்லுகள், கடல்நீர் புகுந்த கேமரா ஆகிய மூன்றையும் தொடாதிருப்பதே நன்று. உப்பு, உலர்ந்த பிறகும் தன் அரிப்பை நிறுத்துவதில்லை. உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு விடை, ஒரே மாதிரியான பழுதுற்ற கேமராக்கள் இரண்டை வாங்கி ஒன்றாக ஆக்குவதே. சென்னையில் ரிச்சி தெருவில் கருவிகளும் திரவங்களும் மின்தடைகளும் கிடைக்கும். பழைய கேமராக்களுக்குக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரிலுள்ள பர்மா பஜாரிலும் தேடிப் பார்க்கலாம். ஒரே மாதிரியைப் பிடிவாதமாகத் தேடுவது முக்கியம். விலை மலிவென்று வெவ்வேறு வகைகளை வாங்கிக் குவிப்பவர்க்கு உதிரிபாகம் சேர்வதில்லை.

கைப்பேசி இதைவிட நல்ல படம் எடுக்கும்போது இந்தச் சிரமம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு மரியாதையோடு ஒன்று சொல்வேன். பட நுட்பத்தில் கைப்பேசி முந்திவிட்டது மெய். ஆயினும் கண்ணாடிகள் உண்மையாகவே நகர்ந்து தூரத்தை அருகே கொண்டுவரும் ஜூமும், இருண்ட மண்டபத்தில் மணமக்கள் முகத்தை ஒரு கணத்தில் உறையவைக்கும் செனான் ஃபிளாஷும் இந்தச் சிறு கேமராவில் உண்டு. சாமான்யமான கைப்பேசியில் இல்லை. பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது அது கேமராவாக மட்டுமே இருக்கும் என்பதும் சிறு நன்மையன்று. பணக் கணக்கில் பார்த்தாலும், சில நூறு ரூபாய் கேமராவுக்கும், நான்கு நல்ல செல்லுக்கும், ஒருமுறை வாங்கிவிட்டால் ஆயுளுக்கும் உதவும் கருவிகளுக்கும் ஆகும் செலவு, மராமத்துக் கடைகளில் பார்வைக் கூலியென்று கேட்கும் தொகைக்கு மிக அதிகமாகாது. பல கடைகள் இந்த மாதிரிகளைக் கையால் தொடவும் இன்று மறுத்துவிடுகின்றன.

கடைக்காரரையும் இதில் முழுவதும் குறைகூற முடியாது. உதிரிபாகங்களை உற்பத்தியாளர் தம் கைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் போக்கு வளர்ந்தே வந்திருக்கிறது; நிக்கான் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை, சுயேச்சையான மராமத்துக் கடைகளுக்கு உதிரிபாகம் விற்பதை 2012இல் நிறுத்திக்கொண்டது இதற்கோர் உதாரணம். பிரான்சு தேசம் 2021 ஜனவரியிலிருந்து, பொருளை எவ்வளவு எளிதில் பழுது பார்க்கலாம் என்பதற்கு மதிப்பெண் இட்டு விற்கவேண்டும் என்று சட்டமாக்கியபோது, முதற்பட்டியலில் கைப்பேசியும் மடிக்கணினியும் தொலைக்காட்சியும் துணி துவைக்கும் இயந்திரமும் புல்வெட்டும் இயந்திரமும் இடம்பெற்றன, கேமரா இடம்பெறவில்லை. நம் நாட்டில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமையைப் பற்றி ஆராய 2022 ஜூலையில் ஒரு குழுவை நியமித்தது. விவசாயக் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கும் முதற்கண் எடுத்துக்கொள்ளப்பட்டன. அந்த வரிசையில் கேமராவும் சேர வேண்டும். உற்பத்தியே நின்றுபோன ஒரு மாதிரியின் மராமத்துக் கையேட்டை மறைத்து வைப்பதால் எந்த நிறுவனத்துக்கும் லாபமில்லை; அதைப் பகிரங்கமாக வெளியிடுவதால் நஷ்டமும் இல்லை. விற்பனையை நிறுத்திய ஒவ்வொரு கேமராவின் கையேட்டையும், அதில் எந்தத் திருகாணி எந்த இடத்துக்குரியது என்பது உட்பட, யாவரும் படிக்கும்படி வெளியிட வேண்டும் என்று கேமரா உற்பத்தியாளர்களை நான் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் குழுவினரும் அதைக் கட்டாயமாக்கும்படி அரசுக்கு எடுத்துரைக்க வேண்டும்.